மஞ்சள் குதிகால்

வெர்னாசி ஊர்ப் பொதுக்கூடத்தில் கல்யாண விருந்து வைக்க மூன்று அனுமதிகள் வேண்டும். நாற்காலிகளுக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, சிவப்பு ஒயினுக்கு ஒன்று. முதல் இரண்டையும் மேயர் அலுவலகத்தில் ஒரே காலையில் வாங்கிவிடலாம். மூன்றாவதைத் தருவது உன்னத நாக்குச் சபை.

1961-ல் அந்தக் கூடத்தில் நடந்த ஒரு விருந்தில், மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று அவர் மூன்று தட்டு நத்தைகளைத் தனியாளாகத் தீர்த்திருந்தார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பழி ஒயின் மேல் விழுந்தது. அடுத்த வாரமே மேயர் கட்டளை போட்டார்: இனி சபையின் நாக்கில் படாத சிவப்பு ஒயின் எதுவும் அந்தக் கூடத்து மேசையில் ஏறக்கூடாது. அதற்குப் பிறகு ஊரில் ஏழு மேயர்கள் வந்து போய்விட்டார்கள். கட்டளை மட்டும் நாற்காலியை விடவில்லை.

சபையில் மூன்று பேர். கருஞ்சிவப்பு அங்கி, நடுவில் அமுங்கிய தொப்பி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சின்ன வெள்ளிக் கிண்ணம். தலைவருக்கு மகாநாக்கு என்று பட்டம். முப்பது வருடங்களாக அந்தப் பட்டம் ஹூபேர் த வால்மோரியிடம் இருக்கிறது. அதற்கு முன் அவர் அப்பாவிடம் இருந்தது. ஊருக்கு மேற்கே இருக்கும் திராட்சைக் குன்றும் அவருடையதுதான்.

சபை சுவைத்துப் பார்த்து இரண்டு முத்திரைகளில் ஒன்றைக் குத்தும். 'விருந்துக்கு ஆகும்' என்றால் எடுத்துப்போய்க் குடிக்கலாம். 'நிலவறைக்கு' என்றால் அந்த ஒயின் குடிக்க முடியாத அளவுக்கு உயர்ந்தது. அதைச் சபையின் நிலவறையில் பத்து வருடம் பூட்டி வைத்துவிடுவார்கள். அப்படிப் பூட்டப்படும் ஒயினுக்கு ஊர்ப் பணத்திலிருந்து மரியாதைத் தொகை உண்டு, ஆனால் சபையில் உள்ளவர்களுக்கு மட்டும். இதுவரை 'நிலவறைக்கு' முத்திரை பெற்றது வால்மோரி வீட்டு ஒயின் ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் பெற்றது. நாக்குகள் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தன.

மார்சியால் புஷேரோ இதையெல்லாம் அறியாதவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது, ஒயினை வாயில் வைத்தால் விழுங்கிவிடுகிற மனிதர். அவருடைய ஒரே மகள் சொலீனுக்கு சனிக்கிழமை கல்யாணம். விருந்துக்கு அறுபது புட்டி சிவப்பு ஒயின் வாங்கி, கார் நிறுத்தும் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் ரவுண்டானா பக்கத்து மளிகைக் கடையில் வாங்கியது. சேவல் படம் போட்ட புட்டி, மூன்று யூரோவுக்குச் சில்லறை குறைவு. கடையில் அதைப் பூனைத் தீனிக்கும் சோப்புத் தூளுக்கும் நடுவில் அடுக்கியிருப்பார்கள்.

கஞ்சத்தனத்தால் வாங்கியதல்ல. சொலீனுக்குப் பத்தொன்பது வயதானபோது அவள் அம்மா இறந்துபோனாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முட்டைகூட வேகவைக்கத் தெரியாத மார்சியால் மளிகைக் கடைக்குப் போய்ச் சுட்ட கோழி ஒன்றையும், போகிற வழியில் கைக்கு எட்டிய ஒயின் புட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவும் மகளும் பேசாமல் சாப்பிட்டார்கள். இரண்டாவது கிளாஸில் சொலீன், "கோழி உப்பா இருக்குப்பா. ஒயின் நல்லாருக்கு" என்றாள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் முழு வாக்கியம் அது. அதிலிருந்து பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழியும் சேவலும்தான்.

"கல்யாணத்துக்கு நம்ம ஒயின்தான்பா. வேற எதையாவது வாங்கிட்டு வந்து நின்னீங்க, கோயில் வாசல்லயே திரும்பி நடந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண்.

ஆகவே புதன்கிழமை மாலை, ஒரு சேவல் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மார்சியால் மேயர் அலுவலகத்து மாடிக்கு ஏறினார். உள்ளுக்குள் பயம். மூன்று யூரோ ஒயினைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டால் சனிக்கிழமை மேசையில் தண்ணீர்தான். வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை. நூற்றுப்பத்து பேர் உட்கார ஊரில் இருப்பது அந்த ஒரே கூடம்.

மாடியில் கிஸ்லேன் இருந்தாள். மேயர் அலுவலகத்தின் எழுத்தர், சபையின் எழுத்தரும் அவளே. இருபத்திரண்டு வருடங்களாக இரண்டு சம்பளத்துக்கான வேலையை ஒரே சம்பளத்துக்குச் செய்கிறவள். அவள் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு தயாராக இருக்கும், ஆனால் வெளியே வராது.

"பயப்படாதீங்க மார்சியால்" என்றாள். "கல்யாண ஒயினை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூஞ்சியைச் சுளிச்சுட்டு 'விருந்துக்கு ஆகும்'னு குத்திடுவாங்க. மூஞ்சியை மட்டும் பார்க்காதீங்க."

"இன்னிக்கு என்னோடது மட்டுந்தானா?"

"வால்மோரி முசியேவோடதும் இருக்கு. வருஷா வருஷம் இந்த மாசம் அவருது வரும். அங்க இருக்கு பாருங்க."

மேசை மேல் தங்க எழுத்து போட்ட புட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் இரண்டு கம்பளிக் காலுறைகள். அங்கே ஒயினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைப்பதில்லை. புட்டிக்குக் காலுறை மாட்டிவிடுவார்கள், எது யாருடையது என்று தெரியாமல் இருக்க. அதுதான் சபையின் ஆணிவேர். சபையில் சேரும்போது இடது காலை ஒரு பீப்பாய் மேல் வைத்து, "கண்ணை நம்பேன், விலையை நம்பேன், நாக்கை மட்டுமே நம்புவேன்" என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு அம்மாள், பக்கத்து வீட்டுச் சேவல் தன் குளத்து வாத்தைத் துரத்துகிறது என்று மேயரிடம் புகார் சொல்ல வேண்டும் என்றாள். கிஸ்லேன் காதில் கருவியை வைத்துக்கொண்டே கையால் சைகை காட்டினாள்: நீங்களே மாட்டிவிடுங்கள்.

மார்சியால் காலுறைகளை எடுத்துப் பார்த்தார். ஒன்று சாம்பல் நிறம், புத்தம் புதுசு. இன்னொன்று நீலம், பழசு, குதிகாலில் ஓட்டை விழுந்து மஞ்சள் நூலால் தைத்திருந்தது. அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நல்ல காலுறையைத் தங்க எழுத்துப் புட்டிக்கு மாட்டினார். ஒட்டுப் போட்டதைத் தன் சேவலுக்கு மாட்டினார். மூன்று யூரோ ஒயினுக்கு இதுவே அதிகம் என்று தோன்றியது.

கிஸ்லேன் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மேசையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதே நேரம் படிக்கட்டில் மூன்று அங்கிகளின் சரசரப்பு கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்த முதல் நாள், பழைய எழுத்தர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மஞ்சள் குதிகால் எப்பவும் அவருக்கு" என்று ஒரே ஒரு விதியைக் காதில் சொல்லியிருந்தார். அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்தக் காலுறைக்கு ஒட்டுப் போட்டது வால்மோரியின் அம்மா. சபையில் அது தெரியாத ஆள் இல்லை. அதைப் பற்றிப் பேசிய ஆளும் இல்லை.

வால்மோரி உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் மருந்துக்கடை பொன்சார். இடப்பக்கம் ஓய்வுபெற்ற வரி அதிகாரி த்ரூவே. மார்சியாலைச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள்.

முதலில் சாம்பல் காலுறை. மூவரும் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, பித்தளை வாளியில் துப்பினார்கள். பொன்சார் ஓரக்கண்ணால் வால்மோரியைப் பார்த்தார். வால்மோரி பெருமூச்சு விட்டார்.

"உழைப்பாளிகளோட ஒயின்" என்றார். "குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு ஒரு பரம்பரை இல்ல. எங்க பொறந்தோம், எதுக்குப் பொறந்தோம்னு தெரியாத ஒயின்."

"நாக்கைப் புடிச்சு இழுக்குது" என்றார் பொன்சார். "என் கடையில இப்படி ஒண்ணை வித்தா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க."

"வரியே கட்டாத ஒயின்" என்றார் த்ரூவே. அவருக்கு அதைவிடப் பெரிய வசவு தெரியாது.

'விருந்துக்கு ஆகும்' என்று முத்திரை விழுந்தது. மார்சியால் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அது தன்னுடையது அல்ல என்று நினைவு வர ஒரு நிமிடம் ஆனது.

பிறகு மஞ்சள் குதிகால் வந்தது. அறையின் காற்றே மாறியது. மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வால்மோரி கிண்ணத்தை மூக்கின் கீழ் வைத்துக் கண்களை மூடினார். பொன்சாரும் த்ரூவேயும் அவர் மூடிய பிறகு மூடினார்கள்.

"மழை" என்றார் வால்மோரி. "மேற்குச் சரிவில பெய்ற மழை. சுண்ணாம்புக் கல்லு. என் தாத்தாவோட குதிரைச் சேணம்."

"சேணம் எனக்கும் தெரியுது" என்றார் பொன்சார்.

"குதிரைகூடத் தெரியுது" என்றார் த்ரூவே.

வால்மோரி துப்பவில்லை, விழுங்கினார். அவர் கண்ணோரம் ஈரம். "இதுக்கு மேல நான் என்ன சொல்ல. நாற்பது வருஷமா நான் இந்த மண்ணுல தேடினது இந்தக் கிண்ணத்துல இருக்கு."

'நிலவறைக்கு' என்று முத்திரை விழுந்தது. த்ரூவே தன் அழகான கையெழுத்தில் தீர்ப்பைப் பதிவேட்டில் மையால் எழுதி ஒற்றுத்தாள் வைத்தார். மையால் எழுதியதை அழிக்க முடியாது என்பது விதி. அதற்குப் பிறகுதான் காலுறையைக் கழற்றலாம்.

கிஸ்லேன் சாம்பல் காலுறையைக் கழற்றினாள். தங்க எழுத்து. நீலக் காலுறையைக் கழற்றினாள். சேவல்.

வாளியில் ஒரு துளி சொட்டும் ஓசை கேட்டது. மார்சியால்தான் முதலில் பேசினார், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்ற பதைப்பில்.

"மன்னிக்கணும் முசியே. இது மளிகைக் கடை ஒயினுங்க. ரசீதுகூட இருக்கு" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

மூவரும் ஒரே நேரத்தில் கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டார்கள்.

"அதை உள்ள வையுங்க" என்றார் வால்மோரி கைகளுக்குள்ளிருந்து. "விலையை நம்பேன்னு சத்தியம் பண்ணவங்க நாங்க. எங்களைப் பாவத்துல தள்ளாதீங்க."

ரசீது உள்ளே போன பிறகு கைகள் இறங்கின. பொன்சார் மெதுவாக, "காலுறை மாறிப் போயிருக்கலாமோ?" என்றார்.

"மாறினா என்ன?" என்றார் வால்மோரி.

"இல்ல, அந்தக் காலுறை..."

"எந்தக் காலுறைல எது இருக்குன்னு நமக்குத் தெரியாது பொன்சார். தெரியாத ஒண்ணு எப்படி மாறும்?"

த்ரூவே தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாறிப்போச்சுன்னு எழுதினா, மாறாம இருந்தா எப்படி இருந்திருக்கும்னும் எழுதணும். அறுபது வருஷப் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். ஊர்ப்பணம் சம்பந்தப்பட்டது. நான் முன்னாள் வரி அதிகாரிங்கிற முறையில சொல்றேன், எடுத்துப் பார்க்காம இருக்கறது நல்லது."

வால்மோரி எழுந்து நின்று அங்கியைச் சரிசெய்துகொண்டார். "இந்தச் சபை தொடங்கின நாள்லேர்ந்து ஒரு தடவைகூடத் தப்பு பண்ணதில்ல. அதனால இன்னிக்கும் பண்ணியிருக்க முடியாது. தப்பு ஒண்ணு நடந்திருக்குன்னா அது வேற எங்கேயோ நடந்திருக்கு. அதைத் தேடறது நம்ம வேலை இல்ல. முசியே புஷேரோ, வாழ்த்துகள். உங்க ஒயின் மகத்தான ஒயின். அறுபது புட்டியும் வெள்ளிக்கிழமை நிலவறைக்குப் போகும்."

"முசியே, சனிக்கிழமை கல்யாணம்."

"பத்து வருஷம் கழிச்சு வந்து வாங்கிக்கங்க. அப்போ அது இன்னும் நல்லாருக்கும்."

"கல்யாணம் பத்து வருஷம் காத்திருக்காதுங்களே."

"மகத்தான ஒயினை வச்சிருக்கறவங்களுக்குப் பொறுமை வேணும்" என்றார் மகாநாக்கு.

அன்று இரவு சமையலறையில் சொலீன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேற அறுபது வாங்கிட்டு வந்துடலாம்பா. அந்தக் கடையில அதுக்கா பஞ்சம்?"

"கேட்டுட்டேன் கண்ணு. பேரு அதே பேருன்னா அதுவும் நிலவறைக்குத்தானாம். உலகத்துல இருக்கற எல்லாச் சேவலும் இனிமே அந்தக் கூடத்துல குடிக்க முடியாத அளவுக்கு ஒசந்துடுச்சாம்."

"அப்போ நம்ம ஒயின் நல்லாருக்குன்னு நாம சொன்னது சரிதான்" என்றாள் சொலீன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு மாலை வேணாம், கேக்குகூட வேணாம்பா. அம்மா இல்லாத மேசையில அந்த ஒண்ணு இருந்தாப் போதும்னு நினைச்சேன்."

மார்சியாலுக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அடுத்த நாள் பேருந்தை ஓட்டும்போது இரண்டு நிறுத்தங்களில் நிறுத்த மறந்துபோனார். பிள்ளைகள் பின்னால் கத்திய பிறகே தெரிந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்று கிஸ்லேன்தான் சொன்னாள். வியாழக்கிழமை மாலை அதுவும் நடந்தது. மேல்முறையீட்டுக் குழுவிலும் அதே மூவர்தான். ஆனால் நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக அங்கிகளின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். புதன்கிழமை வால்மோரியை வியாழக்கிழமை வால்மோரி 'முந்தைய தலைவர்' என்றே குறிப்பிட்டார்.

"முந்தைய தலைவரோட தீர்ப்பு மேல எனக்கு மரியாதை உண்டு" என்றார். "அவர் பெரிய மனுஷர். உங்க குறை என்ன?"

"என் ஒயின் அவ்வளவு நல்ல ஒயின் இல்லீங்க" என்றார் மார்சியால். தன் வாயால் இதைச் சொல்ல வேண்டி வந்ததே என்று அவருக்குக் கூச்சம். "சாதாரண ஒயின். கோழிக்கு நல்லாருக்கும்."

"உங்க ஒயினை நீங்களே மட்டமாப் பேசறீங்களா?"

"மட்டம்னு சொல்லல. குடிக்கலாம்னு சொல்றேன்."

"அதுதான் மட்டம்" என்றார் பொன்சார்.

சட்டப்படி இன்னொரு சேவல் புட்டியைச் சுவைத்தார்கள். இந்த முறை கிஸ்லேன் சாம்பல் காலுறையை மாட்டினாள். மூன்று முகங்களும் சுளித்தன. த்ரூவே வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சேணமும் இல்ல, குதிரையும் இல்ல" என்றார்.

"அதே ஒயின்தாங்க" என்றார் மார்சியால். "ஒரே பெட்டியில பக்கத்துப் பக்கத்துல இருந்தது."

குழு தலையைச் சேர்த்து வைத்து ரகசியம் பேசியது. பிறகு வால்மோரி தீர்ப்புச் சொன்னார். "நேத்து மகத்தானதா இருந்த ஒயின் இன்னிக்கு மோசமா இருக்குன்னா, அது இன்னும் நிலைகொள்ளலைன்னு அர்த்தம். சின்னப் பிள்ளை மாதிரி, கோபமும் கொஞ்சலுமா இருக்கு. பத்து வருஷம் போதாது. இருபது வருஷம்."

மார்சியால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது கிஸ்லேன் விதிப்புத்தகத்தைத் திறந்தாள். "ஒரு சின்ன விஷயம் மகாநாக்கு அவர்களே. விதி பதினாலு. உங்க அப்பா எழுதினது."

வால்மோரிக்கு அப்பா பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "படி, படி. அப்பாவோட அருமையான எழுத்து."

கிஸ்லேன் ஏற்ற இறக்கமின்றிப் படித்தாள். "'ஒருவரது ஒயின் நிலவறைக்கு எடுக்கப்பட்டால், அவர் வீட்டு மேசை வெறுமையாக இருக்கலாகாது. ஆகவே அதே நாளில் விருந்துக்கு ஆகும் எனத் தேறிய ஒயினின் சொந்தக்காரர், எடுக்கப்பட்ட புட்டிகளின் எண்ணிக்கைக்குச் சமமாகத் தன் ஒயினை, கைம்மாறு கருதாமல், சகோதர அன்புடன் தாமதமின்றி அவர் வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும்.'"

அந்த விதியை அந்த அப்பா எதற்கு எழுதினார் என்பது ஊருக்குத் தெரியும். அவருடைய ஒயின் ஊர்ப்பணத்தில் நிலவறைக்குப் போகும். அதே நாளில் சோதனைக்கு வந்த ஏழை விவசாயியின் ஒயின் சகோதர அன்புடன் அவர் வீட்டுக்குப் போகும். அறுபது வருடங்களாக அந்த அன்பு ஒரே திசையில்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

"புதன்கிழமை விருந்துக்கு ஆகும்னு தேறினது ஒண்ணுதான்" என்றாள் கிஸ்லேன். "மையால எழுதியிருக்கு."

வால்மோரி பொன்சாரைப் பார்த்தார். பொன்சார் அங்கியின் தையலை ஆராய்ந்தார். வால்மோரி த்ரூவேயைப் பார்த்தார். த்ரூவே மெல்ல, "எடுத்துப் பார்க்க வேண்டி வரும்" என்று முணுமுணுத்தார். எதை என்று சொல்லவில்லை.

"அறுபதா?" என்றார் வால்மோரி.

"அறுபது" என்றாள் கிஸ்லேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வண்டி வந்து மார்சியாலின் கொட்டகையிலிருந்து அறுபது சேவல்களை ஏற்றிக்கொண்டு போனது. சுவைப்பதற்காகத் திறந்த இரண்டு புட்டிகளுக்குப் பதிலாக அவரை இன்னும் இரண்டு வாங்கிவரச் சொல்லி எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டார்கள். மதியம் வேறொரு வண்டி வந்து அறுபது தங்க எழுத்துப் புட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. இறக்கிய ஆள் ஒவ்வொரு புட்டியையும் தொட்டிலில் கிடத்துவதுபோல் கிடத்தினான். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மார்சியாலின் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பலருக்கு அன்று தூக்கம் வரவில்லை. மார்சியாலுக்கும் வரவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக.

சனிக்கிழமை வந்தது. சொலீன் கோயில் வாசலில் திரும்பி நடக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், யானிக் என்கிற அந்த நல்ல பையனைக் கட்டிக்கொண்டாள். விருந்துக்கு நூற்றுப்பத்து பேர் வந்தார்கள். தங்க எழுத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் உற்சாகம். முதல் கிளாஸை எல்லாரும் மரியாதையாகக் குடித்தார்கள். இரண்டாவது கிளாஸை யாரும் கேட்கவில்லை.

"நாக்கு உள்ளங்கால் மாதிரி ஆயிடுச்சு" என்று யானிக்கின் மாமா சொன்னார். பக்கத்து மேசையில் அவர் தங்கை அதில் எலுமிச்சை சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சோடாவுக்குத்தான் தட்டுப்பாடு வந்தது.

மணப்பெண் மேசையில் சொலீன் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் மார்சியாலைக் குடைந்தது. பத்து வருடங்களுக்கு முன் அந்த வாரம் முழுவதும் அவள் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான்.

கிஸ்லேன் ஒரு பெரிய கைப்பையோடு வந்தாள். மணமக்களை முத்தமிட்டாள். பையைத் திறந்து, நீலக் காலுறை போட்ட ஒரு புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். குதிகால் மஞ்சள்.

"புதன்கிழமை சுவைச்சதோட மிச்சம்" என்றாள். "முக்கால் புட்டி இருக்கு. மூணு நாளாச்சு, காத்துப் போகாம மூடித்தான் வச்சிருந்தேன். நிலவறைப் பட்டியல்ல இது இல்ல. சுவைச்ச புட்டிக்குக் கணக்கே கிடையாது. காலுறையோட இருக்கறதனால இது என்ன ஒயின்னு சட்டப்படி யாருக்கும் தெரியாது."

சொலீன் காலுறையின் கழுத்தில் மூக்கை வைத்தாள். பிறகு இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அப்பாவிடம் தள்ளினாள். இருவரும் குடித்தார்கள். கொஞ்சம் புளித்திருந்தது.

"கோழி உப்பா இருக்குப்பா" என்றாள் சொலீன். அன்று விருந்தில் கோழியே கிடையாது. மார்சியால் கைக்குட்டையைத் தேடினார்.

"அந்த அறுபதும் இருபது வருஷம் கழிச்சு வரும்ல" என்று அவளே அவரைத் தேற்றினாள். "என் பொண்ணு கல்யாணத்துக்கு ஆச்சு."

அப்போது வாசலில் அங்கி தெரிந்தது. கூடத்தில் விருந்து நடந்தால் மகாநாக்கு வந்து வாழ்த்திப் போக வேண்டும் என்பதும் ஒரு விதி. வால்மோரி மேசை மேசையாக வந்தார். ஒவ்வொரு மேசையிலும் அவருடைய தங்க எழுத்துப் புட்டி பாதி குடித்த நிலையில், பக்கத்தில் காலி சோடா புட்டிகளோடு நின்றது. எலுமிச்சைத் துண்டு மிதக்கும் ஒரு கிளாஸின் முன் அவர் சற்று நேரம் நின்றார். யானிக்கின் மாமா அவரைப் பணியாளர் என்று நினைத்து, "தம்பி, இதை எடுத்துட்டுக் கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா" என்று கிளாஸைக் கையில் கொடுத்தார்.

அவர் மணப்பெண் மேசைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வாழ்த்துரைக்காக ஒரு தாளை எடுத்தார். படிக்கத் தொடங்கும் முன் அவர் கண் மஞ்சள் குதிகாலில் விழுந்தது. தாள் மெல்ல இறங்கியது. கழுத்துச் சங்கிலியிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

மார்சியால் ஊற்றினார். வேறென்ன செய்வது, விருந்துக்கு வந்தவர்.

வால்மோரி மூக்கின் கீழ் வைத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடவில்லை. மழையையும் சேணத்தையும் அழைக்கவில்லை. குடித்தார். பிறகு இன்னொரு முறை கிண்ணத்தை நீட்டினார். அதையும் குடித்தார். அவர் மார்சியாலின் காதருகே குனிந்தார்.

"கடையில எந்தப் பக்கம் வச்சிருப்பாங்க?" என்றார்.

"பூனைத் தீனிக்குப் பக்கத்துலங்க. மூணாவது தட்டு."

மகாநாக்கு தலையசைத்தார். தாளைப் பிரித்து, அறுபது வருடங்களாகத் தவறே செய்யாத ஒரு சபையைப் பற்றி மூன்று பக்கம் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை மளிகைக் கடை திறந்ததும், கழுத்துவரை பொத்தான் போட்ட மழைக்கோட்டில் ஒரு கனவான் பெரிய பூனைத் தீனி மூட்டை ஒன்றைத் தள்ளுவண்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் பின்னால் எதையோ மறைத்தபடி வரிசையில் நிற்பதைக் கல்லாப் பெண் பார்த்தாள்.

"எத்தனை பூனை முசியே?" என்று கேட்டாள்.

"ஆறு" என்றார் அவர்.

வால்மோரி வீட்டில் பூனை கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.